உப்பளக் கரையில் இறைவனின் இல்லம்

(திருக்கோயில் கட்டடக் கலையும் அறிவியலும் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணத்திற்கு வருவோரின் கண்ணில் முதலில் படுவது உப்பு. பரந்த வெளியில் பாத்தி பாத்தியாக நீர் தேங்கி நிற்கும். வரப்புகளின் மேல் உப்புக் குவியல்கள் சிறு வெண்குன்றுகள் போலக் காட்சி தரும். அவ்வூரிலேயே, அருள்மிகு பூமீஸ்வரர் திருக்கோயில் கருங்கல் மேனியுடன் எழுந்து நிற்கிறது. முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகளைத் தாங்கிய கற்றளி அது. உப்புக் காற்று வீசும் ஊரில் வாழ்வோர்க்கு ஒன்று நன்கு தெரியும். வாங்கிய புதிதில் பளபளத்த இரும்புக் கதவு சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிர்கிறது. புதிதாகப் பூசிய வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்திற்கு வெள்ளை பூத்துப் பூச்சு கொட்டுகிறது. அத்தகைய மண்ணில் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு கட்டடம் நிற்பது எவ்வாறு?

இறைவன் திருவருள் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அது மெய்யே. ஆயினும் அத்திருவருள், கல்லின் இயல்பையும் காற்றின் போக்கையும் நீரின் குணத்தையும் கூர்ந்து நோக்கிய ஸ்தபதிகளின் அறிவாகவும் கைவண்ணமாகவும் இறங்கி வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆன்மிகம் வேறு, அறிவியல் வேறு என்னும் பிரிவினை அவர்களிடம் இருந்ததில்லை.

மரக்காணத்தின் பழமை சிறிதன்று. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர்களுள் எயிற்பட்டினம் என்னும் கடற்கரைப் பட்டினத்தைக் குறிப்பிடுகிறது. அது இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு வண்டி ஓட்டிச் செல்லும் உமணர்களும் அந்நூலில் இடம்பெறுகின்றனர். கிரேக்க மாலுமிகளின் பழங்குறிப்பேட்டில் வரும் சோபட்மா என்னும் துறைமுகத்தையும் இவ்வூரோடு பொருத்துவோர் உண்டு. சோழர் கல்வெட்டுகள் இவ்வூரை இராசராசப் பேரளம் என்று அழைக்கின்றன. அளம் என்றால் உப்பு விளையும் நிலம். பேரரசன் தன் பெயரையே ஓர் உப்பளத்திற்கு ஈந்திருக்கிறான் என்றால், அந்நாளில் உப்புக்கு இருந்த மதிப்பை உணரலாம். ஆக, பூமீஸ்வரர் கோயிலைக் கட்டியவர்கள் உப்பை அறியாதவர்கள் அல்லர். உப்பு எவ்வாறு விளைகிறது என்பதை நாள்தோறும் கண்ணெதிரே கண்டவர்கள்.

அந்த விளைச்சலைச் சிறிது பார்ப்போம். ஏனெனில் கோயிற்சுவரின் நோயும் மருந்தும் அந்த உப்புப் பாத்திக்குள்ளேயே இருக்கின்றன.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் 27 கிராம் அளவிற்குச் சோற்றுப்பு. உப்பளத் தொழிலாளர் உவர்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றச் செய்கின்றனர். நீர் சுருங்கச் சுருங்க, முதலில் சுண்ணாம்பு சார்ந்த உப்பும் பின்னர் ஜிப்சமும் அடியில் தங்கும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக நீர் குறுகிய நிலையில்தான் சோற்றுப்பு படிகமாகத் தொடங்கும். எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவர். காற்று ஈரமாக இருக்கும் நாளில் விளைச்சல் மந்தம். உலர்ந்த மேல்காற்று அடித்தால் விளைச்சல் மிகுதி. மழை வந்தால் விளைந்த உப்பும் கரைந்துவிடும். அளத்துக்காரர் மேகத்தையும் காற்றையும் பார்த்து வாழ்வதன் காரணம் இதுவே.

இதே நிகழ்ச்சி, கண்ணுக்குத் தெரியாத சிறு அளவில், சுவருக்குள்ளும் நடைபெறுகிறது. செங்கல்லிலும் காரையிலும் மயிரிழையினும் நுண்ணிய துளைகள் எண்ணற்றவை உள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நிலத்தடி உவர்நீர் அத்துளைகள் வழியே மேலேறுகிறது. கடற்காற்றும் நுண்ணிய உப்புத் துகள்களைக் கொண்டுவந்து சுவரின்மேல் படிய வைக்கிறது. வெயில் பட்டவுடன் நீர் ஆவியாகிறது. உப்பு துளைக்குள்ளேயே படிகமாகிறது. வளரும் படிகம் துளையின் சுவரை உள்ளிருந்து நெருக்குகிறது. ஒரு முறை நெருக்கினால் ஒன்றுமில்லை. ஆனால் சோற்றுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் அது ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும், அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். கடற்கரையில் விடியற்காலை ஈரம் மிகுந்தும் நண்பகலில் குறைந்தும் இருப்பதால், பல நாட்களில் அந்த எல்லை காலையும் மாலையும் கடக்கப்படுகிறது. கரைவதும் உறைவதும், நெருக்குவதும் நெகிழ்வதும் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. மலையையும் சிறு உளி உடைப்பது போலத்தான் இது. வீட்டுச் சுவரில் காணும் வெண்பூப்பு, சுவருக்குள் விளைந்த உப்பின் அறுவடையேயன்றி வேறன்று.

இனி, முன்னோர் இதற்கு என்ன செய்தனர் என்று பார்ப்போம்.

ஆகமங்களும் சிற்ப நூல்களும் திருக்கோயிலை வெறும் கட்டடமாகக் கருதவில்லை. இறைவனின் திருமேனியாகவே கருதின. விமானத்திற்கு ஆறு அங்கங்கள் உண்டு. அதிட்டானம் திருவடி, அதன்மேல் கால் அல்லது சுவர், தோளாகிய பிரஸ்தரம், கழுத்தாகிய கிரீவம், தலையாகிய சிகரம், முடியாகிய ஸ்தூபி. இதைக் கற்பனை நயம் என்று கருதிக் கடந்துவிடுவோர் உண்டு. ஆனால் இந்த உடற்கூறு ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கிறது. திருவடியாகிய அதிட்டானம் கருங்கல்லால் ஆனது. கருங்கல்லில் துளைகள் மிகமிகக் குறைவு. செங்கல்லைப் போல நீரை உறிஞ்சி மேலேற்றாது. நிலத்து உவர்நீர் திருவடியோடு நின்றுவிடுகிறது. இன்றைய பொறியாளர் வீட்டு அடித்தளத்தின்மேல் ஈரத்தடுப்புப் பூச்சு ஒன்றை இடுகின்றனரே, அந்த வேலையை இங்கே கல் செய்கிறது. குமுதம், கண்டம், பட்டிகை என்னும் வரிகள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல; சுவரில் வழியும் மழைநீரை விலக்கிச் சொட்டவைக்கும் விளிம்புகளும் ஆகும். பிரஸ்தரத்தின் கொடுங்கை வளைந்து முன்னோக்கி நீள்வதும் குடை பிடிப்பது போன்றதே. பல சோழர் கோயில்களில் பிரஸ்தரம் வரை கருங்கல்லும், அதற்கு மேலே செங்கல்லும் சுதையுமாக அமைந்திருப்பதைக் காணலாம். செலவு குறைப்பதற்காக மட்டும் செய்த ஏற்பாடு என்று அதனைக் கருதிவிடலாகாது. ஈரம் ஏறும் இடத்தில் ஈரம் உறிஞ்சாத கல். ஈரம் எட்டாத உயரத்தில் எடை குறைந்த செங்கல். இந்தப் பகுப்பில் உள்ள நுட்பத்தை எந்தப் பொறியியல் கல்லூரியும் பாடமாக வைக்கலாம்.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மண்டகப்பட்டு என்னும் சிற்றூரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அதனை அமைத்ததாகத் தன் கல்வெட்டில் பெருமிதத்தோடு பதிவு செய்தான். அவன் விலக்கிய பொருள்களைக் கவனியுங்கள். மரம் மக்கும்; உலோகம் துருப்பிடிக்கும்; செங்கல்லும் சுண்ணமும் உவரில் உதிரும். அழியாத ஆலயம் வேண்டும் என்னும் பக்தியின் வேட்கையே, பொருளின் இயல்பை ஆராயும் அறிவாகவும் அங்கே மலர்ந்தது.

இடம் தேர்வதிலும் இந்த நோக்கே உண்டு. மயமதம் முதலிய நூல்கள் நிலப்பரிசோதனையை விரிவாகச் சொல்கின்றன. ஒரு முழ நீள, அகல, ஆழத்தில் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சமமானால் மத்திமம், குறைந்தால் விலக்கத்தக்க நிலம். மிஞ்சும் மண் என்றால் இயற்கையாகவே இறுகிக் கிடந்த மண் என்று பொருள். குறைந்தால் இளகிய, பாரம் தாங்காத மண். குழியில் நீர் நிரப்பி, மறுநாள் எவ்வளவு நிற்கிறது என்று நோக்கும் சோதனையும் உண்டு. நிறம், மணம், சுவை ஆகியவற்றாலும் மண்ணைச் சோதிக்கச் சொல்கின்றன. சுவை என்னும் அந்த ஒரு சொல் உப்பளக் கரையில் வாழ்வோர்க்கு மிகவும் பொருளுடையது. அதனைப் பின்னர்க் காண்போம்.

திசை அறிவதற்குச் சங்குஸ்தாபனம் என்னும் முறை உண்டு. சமப்படுத்திய தரையில் ஒரு முளையை நட்டு, அதனைச் சுற்றி வட்டம் வரைவர். முற்பகலில் நிழலின் முனை வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் ஒரு நூலால் இணைத்தால் அதுவே கிழக்கு மேற்குக் கோடு. காலைக்கும் மாலைக்கும் இடையில் சூரியனின் நிலை சிறிது நகர்ந்துவிடும் என்பதையும் அறிந்து, மாதத்திற்கேற்பத் திருத்தம் செய்யவும் நூல்கள் கூறுகின்றன. காந்த ஊசி காட்டுவது காந்த வடக்கு. நிழல் காட்டுவதோ மெய்யான வடக்கு. பூஜையோடு நடக்கும் இந்தச் சடங்கு ஒரு வானியல் அளவீடும் ஆகும்.

மரக்காணத்திற்குத் தெற்கே, இதே மாவட்டத்தில், 1968-ல் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரில் மாத்ரிமந்திர் இருக்கிறது. அது எந்த ஒரு சமயத்தின் கோயிலும் அன்று; மன ஒருமைக்கான மண்டபம். 1971-ல் பணி தொடங்கி 2008-ல் நிறைவுற்ற அந்தப் பொற்கோளத்தின் உச்சியில், சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் ஆடி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அது ஒரே ஒரு கதிரைக் கீழே அனுப்பி, நடுவே உள்ள படிகக் கோளத்தின்மேல் விழச் செய்கிறது. மரபு வேறு, காலம் வேறு, கருவி வேறு. ஆயினும் கதிரவனின் வழியை அறிந்து அதற்கேற்பத் தியான மண்டபத்தை அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் மர முளை நட்ட ஸ்தபதிக்கும் சுழலும் ஆடி அமைத்த பொறியாளருக்கும் பொதுவானது.

இனிச் சுண்ணாம்புக்கு வருவோம். உப்பளக் கரைக் கோயிலுக்குச் சுண்ணாம்பைவிட உற்ற நண்பன் வேறில்லை. ஆனால் இன்று அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுவே.

கடற்கரையில் சுண்ணாம்பு கிளிஞ்சலிலிருந்து கிடைத்தது. கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே வேதிப்பொருள்தாம். சூளையில் 900 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் அதனைச் சுட்டால், உள்ளிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. தூய கிளிஞ்சல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். எஞ்சிய 44 கிலோவும் காற்றோடு கலந்த வாயு. நீர் ஊற்றினால் கொதித்துப் பூத்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதனை மணலோடு சேர்த்து அரைத்துச் சுவரில் பூசிய பின், சூளையில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று, மீண்டும் கல்லாகிறது. கல் சாம்பல் போலாகி மறுபடியும் கல்லாகும் இந்தச் சுழற்சியைக் கண்டு வியக்காதிருக்க இயலாது. இந்த இறுகல் விரைவில் முடிவதன்று. மாதங்களும் ஆண்டுகளும் தொடர்வது. கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லக் கரைசலும் சேர்ப்பது தமிழகத்து ஸ்தபதிகளின் வழக்கம். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் இனிப்பும் புளித்துச் சுண்ணத்தோடு வினைபுரிந்து, காரைக்கு இழைவும் உறுதியும் தருவதை அண்மைக் காலத்து ஆய்வுக்கூடங்களும் சோதித்துக் கண்டிருக்கின்றன.

சுண்ணக் காரையின் சிறப்பு அதன் வலிமையில் இல்லை. உண்மையில் அது கல்லைவிட மென்மையானது. அந்த மென்மையே அதன் பெருமை. சுண்ணப் பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் துளைகள் வழியே வெளியேறும். அவ்வாறு வெளியேறும்போது உப்பு படிகமாவது கல்லில் அன்று, செங்கல்லில் அன்று, அந்தப் பூச்சில். நெருக்கமும் சிதைவும் பூச்சுக்கே நேர்கின்றன. சில ஆண்டுகளில் பூச்சு உதிரும். உப்பையும் தன்னோடு சுமந்துகொண்டு உதிரும். அதனைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பூச்சு இட்டால், சுவர் பழையபடி நலமாக இருக்கும். தன்னை ஈந்து மேனியைக் காக்கும் பொருள் அது.

இங்கேதான் ஆகமத்தின் காலக் கணக்கு வந்து பொருந்துகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருக்குடமுழுக்கு நடத்துதல் மரபு. அதற்கு முன்பு பாலாலயம் செய்து, பழுதுபட்டவற்றைச் செப்பனிடுவர். மூலவர் திருமேனியையும் பீடத்தையும் இணைக்கும் அஷ்டபந்தனத்தையும் அப்போது புதுப்பிப்பர். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், நற்காவி, செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சேர்த்த அந்தக் கலவை, தொடக்கத்தில் இளகியிருந்து பின்னர் இறுகும். நாள்தோறும் அபிஷேக நீர் பீடத்தின் அடியில் இறங்காது தடுக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வறண்டு வெடிக்கும் இயல்புடையது. அழியாத ஒரு பசையைத் தேடாமல், பழுதாகும் பொருளை வைத்து, அது பழுதாகும் காலத்தையும் அறிந்து, அந்தக் காலத்திலேயே ஊர் கூடிப் புதுப்பிக்கும் திருவிழாவையும் முன்னோர் அமைத்துவிட்டனர். பராமரிப்பைக் கடமை என்றால் மறந்துவிடுவர். விழா என்றால் மறக்கமாட்டார்கள். இந்த உளவியலையும் அறிவியல் என்றே சொல்ல வேண்டும்.

இப்போது உபயதாரர்களின் சிந்தனைக்குச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். சற்றுக் கசப்பாக இருப்பினும் சொல்லாதிருக்க இயலாது.

திருப்பணி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது சிமெண்ட். இந்தப் பொருள் தமிழகத்திற்குப் பழையதன்று. இங்கிலாந்தில் 1824-ல் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் முதன்முதலாக 1904-ல் சென்னையில் உற்பத்தி செய்ய முயன்றனர். அம்முயற்சிக்கும் மூலப்பொருளாக அமைந்தது கடற்கிளிஞ்சலே என்பது ஒரு சுவையான செய்தி. புதிய வீட்டுக்கும் பாலத்துக்கும் சிமெண்ட் ஏற்றது, அதில் ஐயமில்லை. ஆனால் மூச்சு விடும் பழஞ்சுவரின்மேல் சிமெண்ட் பூசுவது, மனிதன் மேனியில் காற்றுப் புகாத உறையைப் போர்த்துவதற்கு ஒப்பானது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரத்திற்கு ஏறுகிறது. உப்பு, பூச்சில் விளைவதற்குப் பதிலாகப் பூச்சுக்குப் பின்னாலுள்ள செங்கல்லில் விளைகிறது. வெளியே பார்ப்பதற்குச் சுவர் வழவழப்பாகவே இருக்கும். ஒருநாள் சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்து விழும்போது, அதனோடு ஆயிரம் ஆண்டுச் செங்கல்லும் சுதைச் சிற்பமும் பெயர்ந்து வரும். சிமெண்டுக்குள்ளேயே கரையக்கூடிய உப்புகள் சில உள்ளன என்பதும், உப்புக் கரையில் மேலும் உப்பைக் கொண்டுசேர்ப்பதற்கு நிகரானது. கற்களின் இடுக்குகளில் சிமெண்டை அடைப்பதும் இவ்வாறே.

கல்லைத் துளையிட்டு இரும்புக் கம்பி செருகுவது இன்னொரு தீங்கு. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. கல்லை உள்ளிருந்து பிளக்கிறது. எண்ணெய்ச் சாயம் பூசுவதும் சுவரின் துளைகளை அடைப்பதே. பிராகாரத்தின் மண்தரையையும் பழைய கற்பாவலையும் நீக்கி, வழுவழுப்பான ஓடுகளை நெருக்கமாகப் பதித்துவிட்டால், நிலத்து ஈரம் தரை வழியே ஆவியாக இயலாமல் சுவரைத் தேடிச் செல்லும். ஓட்டுத் தரை உபயம் செய்தவரின் நோக்கம் தூயது. விளைவு மட்டும் வேறாகிவிடுகிறது.

மணல் வீச்சு முறையில் கல்லைச் சுத்தம் செய்யும் வழக்கம் ஒரு காலத்தில் வேகமாகப் பரவியது. கருங்கல் புதிதுபோல் மின்னுவதைக் கண்டு பலர் மகிழ்ந்தனர். ஆனால் அழுத்தத்தோடு பாயும் மணல், அழுக்கோடு சேர்த்துக் கல்லின் மேற்தோலையும் கல்வெட்டு எழுத்துகளின் கூர்மையையும் அரித்தெடுக்கிறது. பூமீஸ்வரர் கோயில் கல்வெட்டுகள் அழிந்தால், இவ்வூர் ஒரு காலத்தில் இராசராசப் பேரளமாக விளங்கியது என்பதற்குச் சான்று எங்கே கிடைக்கும்? தமிழகத் திருக்கோயில்களில் மணல் வீச்சு தடைசெய்யப்பட்டிருப்பது இக்காரணம் பற்றியே. நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

இது பழமைப் பற்றால் சொல்லப்படுவது என்று யாரேனும் கருதினால், இரண்டு மூன்று சான்றுகளைக் காட்டலாம். திருவரங்கம் அருள்மிகு அரங்கநாதசுவாமி திருக்கோயிலில் அண்மைக் காலத் திருப்பணியின்போது, பிற்காலத்தில் சேர்ந்த கட்டுமானங்கள் பலவற்றை அகற்றி, மரபுவழிக் காரையைப் பயன்படுத்தி, பழைய மழைநீர் வடிகால்களையும் மீட்டெடுத்தனர். அப்பணி 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. மரபு முறையும் தற்கால ஆய்வும் கைகோத்தால் உலகமே வந்து வணங்கும் என்பதற்கு அது சான்று.

மரக்காணத்திற்கு வடக்கே, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவனால் எழுப்பப்பட்டது. அலையும் காற்றும் அதன் சிற்பங்களின் முகங்களை மழுங்கச் செய்துள்ளன. இந்தியத் தொல்லியல் துறையினர் அலைத் தடுப்புக் கற்களை அடுக்கி, சவுக்கு மரங்களை வளர்த்து, காற்றின் வேகத்தைத் தணித்தனர். கல்லுக்குள் புகுந்த உப்பை எடுப்பதற்கு அவர்கள் கையாண்ட முறை வியப்பிற்குரியது. காகிதத்தைக் கூழாக்கி, உப்பில்லாத நன்னீரில் குழைத்து, கல்லின்மேல் அப்பி வைத்தனர். கூழின் நீர் கல்லுக்குள் சென்று உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது அந்த உப்புநீர் வெளியே இழுக்கப்பட்டுக் கூழிலேயே படிகமாகும். காய்ந்த கூழை உரித்தெடுத்தால் உப்பும் கூடவே வந்துவிடும். பாத்தியில் உப்பு விளையும் அதே நியதிதான். ஆனால் இங்கே அது நோயாக அன்றி மருந்தாகப் பயன்படுகிறது.

கன்னியாகுமரிக் கடலின் நடுவே 133 அடி உயரத்தில் எழுந்து நிற்கும் திருவள்ளுவர் சிலைக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் இதே காகிதக் கூழ் வைத்தியம் நடைபெறுகிறது. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பெற்ற அச்சிலையை வடித்தவர், மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய வை. கணபதி ஸ்தபதி. கணிதம் பயின்றவர், மயன் மரபில் ஊறியவர். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடமும், எஞ்சிய அதிகாரங்களைக் குறிக்கும் 95 அடித் திருமேனியுமாக அவர் அளவு வகுத்தார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் அச்சிலை அசையாது நின்றது. அளவில் பொருளை வைத்தார். அமைப்பில் வலிமையை வைத்தார். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் செய்ய அவருக்குத் தோன்றவில்லை.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைக்க வேண்டும், அரைக்க வேண்டும், மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும், வெயிலில் வெடித்துவிடாமல் நனைத்துக் காக்க வேண்டும். குடமுழுக்கு நாளைக் குறித்துவிட்டு அதற்கு முந்தைய மாதம் வேலையைத் தொடங்கினால் சிமெண்டைத் தவிர வேறு வழி தோன்றாது. உப்பளத்தில் விளைச்சல் மும்முரமாக நடக்கும் சித்திரை, வைகாசி வெயில் பூச்சுக்குப் பகை. அடைமழைக் காலமும் ஆகாது. மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன் உள்ள தை, மாசி மாதங்களே இக்கடற்கரையில் உகந்தவை. ஆகவே நாள் குறிப்பதற்கு முன்பே ஸ்தபதியையும், மரபுக் கட்டடம் அறிந்த பொறியாளரையும் கலந்து பேசுதல் நன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடங்களில் பழமையான கட்டடங்களின் பாதுகாப்பை ஆராயும் வல்லுநர்களும் உள்ளனர்.

உபயம் செய்ய விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சிறிய, ஆனால் பெரிதும் உதவும் வழி உண்டு. உப்பளக் கரையில் காரை குழைப்பதற்கு அருகிலுள்ள கிணற்று நீரையும் கடற்கரை மணலையும் எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த நீரிலும் மணலிலும் உப்பு இருந்தால், எவ்வளவு சிறந்த சுண்ணாம்பைக் கொண்டுவந்தாலும், உப்பைச் சுவருக்குள் கையாலேயே வைத்துப் பூசியதாக முடியும். எனவே திருப்பணிக் காலத்தில் சில வண்டி நன்னீரும், நன்கு கழுவிய மணலும் உபயமாக வந்து சேர்ந்தால் அது கோபுரத்திற்குச் செய்த காப்பாகும். பெயர் பொறித்த பலகை எதுவும் அதற்கு வைக்க இயலாதுதான். நீர் நல்லதா என்று அறிவதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுமென்பதில்லை. முதல் சோதனையை வண்டியருகே நின்றபடியே செய்துவிடலாம். மயமதம் சொன்னபடி நாவில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் போதும். கரிக்கும் நீரை அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம்.